நோட்டில் எழுதியிருக்கும் 'நான்' உங்கள் மகன்தானா?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் பெரியம்மா மகன் சில ராப் பாட்டுகளைப் போட்டுக் காட்டியதில் ஆரம்பித்தது. இப்போது எழுந்ததிலிருந்து காதில் இயர்ஃபோன். இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம். எண்பதுகளில் இருந்த மதிப்பெண் அறுபதுகளுக்கு இறங்கிவிட்டது. அண்ணன் பாடுவதைக் கேட்டு எட்டு வயதுத் தங்கை ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையை விருந்தாளிகள் முன் சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவன் பையில் ஒரு நோட்டு கிடைத்திருக்கிறது. பக்கம் பக்கமாகத் தமிழில் ராப் வரிகள். கத்தி, ரத்தம், 'என்னைத் தொட்டால் சாம்பல்' என்றெல்லாம் எழுதியிருக்கிறான். ஒரு பக்கத்தில் 'நான் போன பிறகு என் ரூமைப் பூட்டிடுங்க' என்று ஒரு வரி. ஓரத்தில் 1 முதல் 16 வரை எண்கள், சொற்களுக்கு நடுவே சாய்கோடுகள், மேலே வட்டம் போட்ட 90. இது ஏதாவது கும்பலின் சங்கேதமோ என்று தாய்க்குப் பயம். தந்தை இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டு நோட்டைப் பீரோவில் பூட்டிவிட்டார். செல்போனையும் பிடுங்கிவிடலாம் என்கிறார். மகனோ மைக் கேட்கிறான், பாட்டை இணையத்தில் போட வேண்டுமாம். "இந்தப் பைத்தியத்தை எப்படி நிறுத்துவது? போதை, அடிதடி என்று போய்விடுவானோ?" என்று கேட்டிருக்கிறார் தாய்.

அம்மா, கெட்ட வார்த்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 'நான் போன பிறகு' என்ற வரியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன். அது வெறும் பாட்டு வரியாக இருக்க வாய்ப்பு அதிகம். விடுதிக்குப் போவதை, வீட்டை விட்டுப் போவதைப் பற்றிக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நீங்களாக ஊகித்து விட்டுவிடக் கூடாது. இன்றோ நாளையோ அவனிடமே கேட்டுவிடுங்கள்.

அப்பாவும் தங்கையும் இல்லாத நேரமாகப் பாருங்கள். எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபம். சுற்றி வளைக்காமல் இப்படிக் கேட்கலாம்: "உன் நோட்டைப் படிச்சுட்டேன்பா. உன்னைக் கேக்காம படிச்சது தப்புதான். அதுல 'நான் போன பிறகு'ன்னு ஒரு வரி இருந்துச்சு. அது பாட்டுக்காக எழுதினதா, இல்ல செத்துடலாம்னு உனக்கு எப்பவாவது தோணுதா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அறிவுரை சொல்லத் தொடங்கினால் அவன் வாய் மூடிவிடும். 'செத்துடலாம்' என்ற சொல்லைச் சொன்னால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை; உள்ளே வைத்துத் தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது.

"ஆமாம்", "சில நேரம்" என்று சொன்னால் "உனக்கு இங்கே என்ன குறை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்று கேளுங்கள். அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். "அய்யோ அம்மா, அது பாட்டும்மா" என்று சிரித்தால் நம்புங்கள். நம்பிக்கொண்டே அடுத்த சில வாரங்கள் கவனித்தும் வாருங்கள்.

வரியைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் மாற்றம்தான் கணக்கு. சாப்பாடு குறைவது, விடிய விடியத் தூங்காமல் இருப்பது அல்லது பகலெல்லாம் தூங்குவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, தன் பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, கைக் காயங்களை மறைப்பதுபோல் கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ராப்பும் அது சேர்ந்த ஹிப் ஹாப் இசையுமே கதி என்று கிடந்த பையன் திடீரென்று பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டு நோட்டையும் மூடிவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். எனக்கு அப்போதுதான் கவலை கூடும். உயிராக நேசித்த ஒன்றில் ருசி போய்விடுவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி.

கத்தி, ரத்த வரிகளில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உண்மையான ஓர் ஆளின் பெயர், இடம், நாள் என்று குறிப்பாக ஏதாவது எழுதியிருக்கிறானா? இருந்தால் அது வேறு விஷயம், உடனே பேச வேண்டும். 'என்னைத் தொட்டால் சாம்பல்' அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ராப்பில் போட்டிப் பாட்டு ஒரு பெரிய பிரிவு. எதிராளியைச் சொல்லால் சாய்ப்பதும் தன்னை வானளாவப் புகழ்வதும் அதன் இலக்கணம். கபிலர் குறுந்தொகையில் தலைவியாக நின்று புலம்புகிறார். அதைப் படித்துவிட்டுக் கபிலருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ராப்பில் வரும் 'நானும்' பல நேரம் பாட்டுக்காகப் போட்டுக்கொண்ட வேடம். இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை போன ஒன்று. அமெரிக்காவில் ராப் வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டும் வழக்கம் இருந்ததால், கலைப்படைப்பை அப்படிப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்து 2022இல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே கொண்டுவந்தது.

இனி அந்தச் 'சங்கேதம்'. 16 என்பது பதினாறு 'பார்', அதாவது தாளச் சுற்று. ராப்பில் ஒரு வெர்ஸின், நம் சரணம் போன்ற பகுதியின், வழக்கமான நீளம் அதுதான். ஒரு பாருக்கு நான்கு தட்டு. சாய்கோடுகள் அந்தத் தட்டு விழும் இடங்கள். வட்டம் போட்ட 90, நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகம். அந்த வேகத்தில் பதினாறு பார் பாடி முடிக்கக் கிட்டத்தட்ட 43 விநாடி ஆகும். அந்த 43 விநாடிக்காக உங்கள் மகன் பக்கம் பக்கமாக அடித்துத் திருத்தியிருக்கிறான்.

நீங்கள் எடுத்து அனுப்பிய நான்கு வரிகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தேன். தமிழில் ராப் எழுத வருகிறவர்கள் முதலில் விழும் குழி ஒன்று உண்டு. நம் மொழியில் வினைச்சொல் வரிக் கடைசியில் வருவதால் 'வர்றேன், தர்றேன், பாக்குறேன்' என்று இயைபு தானாகவே அமைந்துவிடும். நாலு வரியில் காது சலித்துப்போகும். உங்கள் மகன் அந்தக் குழியைத் தாண்டிவிட்டான். 'சாம்பல்' என்று ஒரு வரி தொடங்குகிறது, அடுத்தது 'சோம்பல்', அதற்கடுத்தது 'காம்பில்'. நெடில், பிறகு 'ம்', மூன்றிலும் தவறாத எதுகை. செய்யுள் பாடத்தில் இதைத் தேர்வுக்காகப் படிக்கிற பையன், யாரும் சொல்லாமலே தன் பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவனுடைய தமிழாசிரியருக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

போதை, அடிதடி பற்றி

ஹிப் ஹாப் என்றாலே ரவுடித்தனத்தில் பிறந்தது என்று உங்கள் கணவர் நினைக்கிறார். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக. இசைத்தட்டு ஓட்டியவர் அவளுடைய அண்ணன், 18 வயது டிஜே கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுகிறவர்கள் துள்ளுகிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழற்பலகைகளில் வைத்து அந்தத் தாளப் பகுதியை நீட்டிக்கொண்டே போகும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். அதே இசையில் வந்த அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் இசைக்கு வெளியே அந்த விருது போனது அதுவே முதல் தடவை.

போதையையும் துப்பாக்கியையும் பெண்களை இழிவுபடுத்துவதையும் கொண்டாடும் பாட்டுகள் இதில் நிறையவே இருக்கின்றன என்பதும் உண்மை. வன்முறை வரிகளைக் கேட்டவுடன் சிறிது நேரத்துக்குக் கோப எண்ணங்கள் கூடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பாட்டுக் கேட்டதாலேயே ஒரு பிள்ளை வன்முறைக்குப் போகிறான் என்று நிறுவப்படவில்லை. போதைக்கு இழுப்பது பெரும்பாலும் கூட இருக்கும் ஆட்களும், கையில் எளிதாகக் கிடைப்பதும், வீட்டில் பேச ஆள் இல்லாததும். ஆகவே பாட்டுப் பட்டியலைச் சோதிக்கும் நேரத்தில், அவன் யாரோடு ராப் பாடுகிறான் என்று கேளுங்கள். இணையக் குழுவில் இருக்கிறானா? அதில் இருப்பவர்களுக்கு என்ன வயது? முகம் தெரியாத பெரியவர்கள் தனியாகச் செய்தி அனுப்புகிறார்களா? நேரில் சந்திப்பதென்றால் உங்களில் ஒருவர் கூட வருவார் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கெட்ட வார்த்தைக்கு வழி சுலபம். அமெரிக்காவில் 1985இலிருந்து இத்தகைய ஆல்பங்களின் மேல் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வருகிறது. இன்றைய செயலிகளில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'இ' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னக் கட்டம் அதே வேலையைச் செய்கிறது. முக்கியமான செயலிகளின் அமைப்புகளில் அப்படிப்பட்ட பாட்டுகளைத் தடுக்கும் வசதி உண்டு. பல பாட்டுகளுக்கு வசை நீக்கிய பதிப்பும் இருக்கிறது. தங்கை காதில் விழும் ஸ்பீக்கரில் அந்தப் பதிப்புதான், அவள் முன் வாய்விட்டுப் பாடுவதில்லை என்று விதி போடுங்கள். 15 வயதுப் பையனின் இயர்ஃபோனுக்குள் இருக்கும் ஒவ்வொரு வசையையும் வடிகட்ட முயன்றால் அவன் உங்களுக்குத் தெரியாமல் கேட்கப் பழகுவான். அவ்வளவுதான் நடக்கும்.

மதிப்பெண் ஏன் இறங்கியது

இதில்தான் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுத்துப் பள்ளிக்கு எழுந்தால் ஐந்தோ ஆறோதான் கிடைக்கும். பகலில் படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில். அது குறைந்தால் ராப் கேட்டாலும் பக்திப் பாட்டுக் கேட்டாலும் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். இந்த வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுவதால் "ஒன்பதுக்குப் படு" என்றால் விழித்துக்கொண்டுதான் கிடப்பான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளி, பத்து, பத்தரைக்குக் கொண்டுவாருங்கள். செல்போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். உங்கள் இருவருடையதும் அங்கேயே இருந்தால்தான் இந்த விதி நிற்கும்.

படிக்கும்போது பாட்டு வேண்டும் என்பான். புரிகிற மொழியில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் வாசிப்பதும் மனப்பாடம் செய்வதும் கெடும். மூளை இரண்டு பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்கப் பார்க்கிறது. சமூக அறிவியல், மொழிப்பாடங்களுக்கு அமைதி. பழகிய வகைக் கணக்குப் போடும்போது குரல் இல்லாத பீட், அதாவது பின்னணித் தாள இசை, மட்டும் ஓடினால் அவ்வளவு பாதிப்பில்லை.

காதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும்: 78இல் 20 மணி, 81இல் 10 மணி. ஹிப் ஹாப்பில் அடிநாதமே தாழ்ந்த பேஸ் ஒலி. காதில் சரியாகப் பொருந்தாத இயர்ஃபோனில் முதலில் கசிந்து போவது அந்த பேஸ்தான். அதைத் தேடி வால்யூமை ஏற்றுவார்கள், காதைக் குத்துவதோ மேல் ஒலிகள். காதின் அளவுக்கேற்ற ரப்பர் முனை மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இயர்ஃபோனைக் கழற்றிய பிறகும் காதில் 'கொய்ங்' என்ற ஒலி நின்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். அது அடிக்கடி வந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவருக்கு

ஐயா, நோட்டை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிழித்ததற்கு வருத்தம் தெரிவிப்பதால் உங்கள் அதிகாரம் குறையாது. பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் பெற்றோர் அவன் நோட்டைப் பார்க்கலாம். பார்த்ததை அவனிடம் சொல்லிவிட வேண்டும். அந்த அவசியம் இல்லாதபோது அது அவனுடைய தனி இடம். செல்போனை ஒரேயடியாகப் பிடுங்குவது இப்போது செய்யக்கூடிய மிக மோசமான காரியம். இறக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், அவன் மனம்விட்டுப் பேசும் நண்பர்களையும் சேர்த்து வெட்டிவிட்டதாக ஆகும்.

வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம் ஒதுக்கி, மூன்று பாட்டுகளை அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை சும்மா கேளுங்கள். தாளத்தின் இரண்டாம், நான்காம் தட்டில் 'டப்' என்று விழும் ஸ்னேர் ஒலிக்கு விரலால் தட்டிப் பாருங்கள், பிடி கிடைத்துவிடும். இரண்டாம் முறை வரிகளைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். பிறகு மூன்றே கேள்வி: இதில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? உனக்கு எந்த வரி பிடிக்கும், ஏன்? பெண்களைக் கேவலமாகப் பேசும் வரி வந்தால் "எனக்கு இது பிடிக்கலை, காரணம் இது" என்று உங்கள் கருத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். ரசித்துக் கேட்டவர் சொல்லும் மறுப்புக்குப் பிள்ளைகள் காதுகொடுப்பார்கள்.

மைக்கும் இணையமும்

மைக் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் பதிவு செய்யட்டும். துணி தொங்கும் அலமாரியைத் திறந்து, அதை நோக்கி நின்று பாடினால் எதிரொலி அடங்கும். செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். பீட்டைக் கம்பி இயர்ஃபோனில் கேட்டபடி பாடட்டும். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் பீட்டும் குரலோடு பதிவாகிவிடும்; புளூடூத்தில் ஒலி பிந்தி வருவதால் அவன் குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். திறமையே இல்லையோ என்று பையன்கள் மனம் உடைவது பல நேரம் இந்த புளூடூத் தாமதத்தால்தான். ஆடாசிட்டி, பேண்ட்லேப் போன்ற இலவச மென்பொருள்களே போதும். ஆறு மாதம் விடாமல் இப்படிச் செய்து நாலைந்து பாட்டு முடித்தால், அப்போது மைக் வாங்கித் தருவது நியாயம்.

பதிவேற்றும் முன் இரண்டு மாதம், இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் கேட்கக்கூடிய முறையில் ஐந்தாறு நண்பர்களுக்கு அனுப்பட்டும். பொதுவில் போடும்போது புனைபெயர். பள்ளியின் பெயர், சீருடை, வீட்டு வாசல் எதுவும் தெரியக் கூடாது. வகுப்பில் இருக்கும் யாரையாவது பெயர் சொல்லித் திட்டும் பாட்டு நோட்டோடு நிற்கட்டும்; போட்டதை நீக்கினாலும் பிறர் எடுத்து வைத்த பிரதி இருக்கும். 'இலவசம்' என்று கிடைக்கும் பீட் பெரும்பாலும் வருமானம் வராத பயன்பாட்டுக்கு மட்டும்தான். விளக்கக் குறிப்பில் உள்ள நிபந்தனையைப் படித்து, பீட் செய்தவர் பெயரைப் போட வேண்டும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு விநாடி வெட்டிச் சேர்த்தாலும் உரிமைப் பிரச்சினை வரலாம். 'இத்தனை விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை' என்று பையன்களிடையே உலவும் கணக்குக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

பாட்டு நன்றாக இருந்தால் "உன்னை ஆர்ட்டிஸ்ட் ஆக்குகிறோம்" என்று யாராவது வருவார்கள். முன்பணம் கேட்பவர்களை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒப்பந்தம் நீட்டினால், அவனுக்கு 18 வயது ஆகாததால் கையெழுத்து உங்களிடம்தான் கேட்பார்கள். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை பாட்டுக்கு, எழுத்தின் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துச் சொல்லும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.